எழுபத்து நான்காவது நிமிடம்

ஜூலை 6

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்கு மருத்துவமனையில் இந்த வாரம் முழுக்க இரவுப் பணி, அதனால் கால்வலி, மற்றபடி நலம். அப்பா நலம். நானும் நலம் என்று எழுதக் கை வருகிறது, மனம்தான் வரவில்லை. தீயணைப்புப் பயிற்சியில் ஏணி ஏறி ஏறி உள்ளங்கை உரிந்துபோனதாக எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா?

இது வீட்டுக்குத் தெரியாத கடிதம். பதிலையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதே. பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவின் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். "லவ் லெட்டரா?" என்று கேட்டார். "எங்க அண்ணன்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க" என்று சிரித்தார். ஆனால் வாங்கி வைப்பார்.

எல்லோரும் தூங்கிய பிறகு, பின்பக்கப் பால்கனியில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே போனுக்குத் தடை என்று நீ விட்டுப்போன பழைய போன் உன் மழைக்கோட்டின் உள்பையில்தான் இருக்கிறது. மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான்.

நம் சினிமா விமர்சனக் குழு 'கடைசி வரிசை'யில் இப்போது நாற்பத்தோராயிரம் பேர். நீ மே 20 அன்று கிளம்பும்போது முப்பத்தெட்டாயிரம். உனக்குப் பதிலாக நான், குழுவை நடத்தும் 'டார்ச்' ஆனது ஒருவருக்கும் தெரியவில்லை. உன்னைப் போலவே குட்டிக் குட்டி வாக்கியமாக எழுதுகிறேன். 'மீசை' என்பவர் மட்டும், "டார்ச்சுக்கு கொஞ்ச நாளா மரியாதை கூடியிருக்கு" என்று எழுதினார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

விஷயம் இதுதான். அப்பா தொகுத்த படம் ஜூலை 25 அன்று வருகிறது. மூன்றாவது விதி என்ன சொல்கிறது? படத்தில் வேலை செய்தவர் உனக்குத் தெரிந்தவர் என்றால் எழுதாதே. டார்ச் இந்தப் படத்துக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டால் ஏன் என்று கேட்பார்கள். எழுதினால் விதியை மீறுவேன். என்ன செய்ய?

அப்பா இப்போது குஷியாக இருக்கிறார். படத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று நச்சரித்து நச்சரித்து, போன மாதம் புதிதாக ஒரு காட்சி எடுக்க வைத்துவிட்டாராம். அது கைக்கு வந்ததிலிருந்து பல் தேய்க்கும்போதுகூடப் பாட்டுத்தான். ஆனால் நான் தேர்வு முடியும்வரை எந்தப் படமும் பார்க்கக்கூடாது, அவருடைய படம் உட்பட. "நான் வெட்டினதையே நீ பாக்கக்கூடாதுன்னு நானே சொல்றேன், வேற யாரு சொல்லுவா?" என்று பெருமை வேறு.

சீக்கிரம் பதில் போடு.

உன்,
எலி

*

ஜூலை 15

அன்பு எலிக்கு,

கை ஆறிவிட்டது. இப்போது முழங்கால். இந்தப் பயிற்சி முடிவதற்குள் என் உடம்பில் ஒவ்வொரு பாகத்தையும் முறைவைத்து உரித்துவிடுவார்கள் போலிருக்கிறது. மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறேன். அம்மாவைக் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்.

உன் கேள்விக்கு வருகிறேன். எழுது.

மூன்றாவது விதியைப் போட்டதே நான்தான். சொந்தக்காரன் சொந்தக்காரனைத் தூக்கிவிடக்கூடாது என்பதற்காகப் போட்டது. நீ உண்மையை எழுதினால் விதியின் உயிர் பிழைத்துவிடும். அப்பா படத்துக்கு மட்டும் டார்ச் அணைந்தால் நாளைக்கே எவனாவது மோப்பம் பிடிப்பான். நாம் ஒரு படத்தைப் பார்த்து ஏமாந்தால், ஏமாந்தேன் என்று சொல்லத்தான் இந்தக் குழுவையே ஆரம்பித்தேன். யார் மனம் நோகும் என்று பார்த்துப் பார்த்துப் பேசத்தான் வெளியே ஊர் முழுக்க ஆள் இருக்கிறதே.

ஒன்று மட்டும் தவறக்கூடாது. முதல் விதி. தியேட்டரில், டிக்கெட் வாங்கி, கடைசிவரை பார்க்காமல் ஒரு சொல்லும் கிடையாது. போக முடியவில்லை என்றால் எழுதாதே.

பயப்படாதே. பயந்தால் வாக்கியம் நீளமாகும், நாற்பத்தோராயிரம் பேரில் ஒருவன் கண்டுபிடித்துவிடுவான்.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூலை 31

அன்புள்ள அண்ணா,

முழங்கால் எப்படி? அம்மா காலை உயர்த்தி வைத்துப் படுக்கிறார். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. படம் வந்த வாரம் எப்போதும் அப்படித்தானே.

நீ எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். ஆனால் தியேட்டருக்குப் போகவில்லை.

திட்டாதே, முழுவதும் படி. எப்படிப் போவேன்? பள்ளி, டியூஷன், வீடு. நடுவில் இரண்டரை மணிநேரம் காணாமல் போனால் அம்மா பிணவறைவரை தேடிவிடுவார். ஜூலை 18 அன்று எனக்குக் காய்ச்சல். வீட்டில் ஒருவரும் இல்லை. அப்பா ஒலிக்கலவைக்குப் போயிருந்தார். அவர் அறையின் மேசையில் படம் முழுசாக இருந்தது, பூட்டில்லாமல். பார்த்தேன். கடைசிவரை பார்த்தேன். பெயர்கள் ஓடும் இடத்துக்கு வெறும் கறுப்புத் திரைதான் இருந்தது, அதையும் பார்த்தேன்.

பாதிப் படம் என்னை அப்படியே பிடித்து வைத்திருந்தது அண்ணா. பிறகு விட்டுவிட்டது. நம் வழக்கப்படி, மனம் படத்தை விட்ட நிமிடத்தைக் குறித்துக்கொண்டேன். எழுபத்து நான்கு. மகன் பதினோரு வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறான். அம்மா கதவைத் திறக்கிறாள். உடனே அவன் பேச ஆரம்பித்து, பதினோரு வருடத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கொட்டாவி வந்தது.

படம் வந்த அன்று இரவு டார்ச்சின் எண்ணை முதலில் போட்டேன்: "விட்ட நிமிடம் 74. பதினோரு வருஷம் பேசாதவன் கதவு திறந்ததும் பேசுவானா?" அவ்வளவுதான். உன் வாக்கியம் போலவே இருந்தது. சனிக்கிழமை, உறுப்பினர்கள் டார்ச்சுக்குத் தனியாக அனுப்பும் எண்கள் சேரும் பெட்டியைத் திறந்து, எல்லோருடைய எண்ணையும் குழுவில் வரிசையாகப் போட்டேன். எண்ணூறு பேர். அறுநூறு பேருக்கு மேல் அதே கதவுதான். ஆனால் எல்லோரும் எழுபது என்று எழுதியிருக்கிறார்கள். எழுபது, எழுபது, எழுபது. நான் மட்டும் எழுபத்து நான்கு.

"டார்ச்சுக்கு பேட்டரி வீக்" என்று ஒருவர். "நாலு நிமிஷம் லேட்டா தூங்கியிருக்காரு, விடுங்கப்பா" என்று மீசை. நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டேன். கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்திருப்பேன், இல்லையா?

அப்படித்தான் என்று நீ ஒரு வரி எழுதினால் தூங்குவேன்.

எலி

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணா,

உன் பதில் வருவதற்குள் மறுபடி எழுதுகிறேன். நலம் விசாரிக்கவில்லை என்று நினைக்காதே. நீ நலமாக இருக்க வேண்டும், இப்போது எனக்கு அது மிகவும் தேவை.

கடிகாரம் சரியாகத்தான் இருந்தது.

நேற்று தயாரிப்பாளரின் மேலாளர் வீட்டுக்கு வந்தார். கட்டம் போட்ட சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. நான் அறையில் வேதியியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கதவிடுக்கில் கேட்டேன்.

"சார், ரிலீசுக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம் உக்காந்து நாலு நிமிஷத்தை வெட்டினோம். ஞாபகம் இருக்கா?"

"வெட்டினோம் இல்ல. வெட்டினீங்க. நான் வேணாம்னு கத்தினது மறக்கலயே?"

"சரி, வெட்டினோம். அந்த நாலு நிமிஷத்தோட இருக்கிற படம் உலகத்துல ரெண்டு இடத்துல இருந்துச்சு. ஒண்ணு எங்க ஆபீஸ் லாக்கர். இன்னொண்ணு உங்க வீடு. இந்த டார்ச்னு ஒருத்தன் எழுதியிருக்கானே, எழுபத்தி நாலுன்னு. தியேட்டர்ல பார்த்தா கதவு எழுபதுல திறக்குது. எழுபத்தி நாலுல திறக்கிறது எதுல, சார்?"

அம்மா காபி கொண்டுபோய் வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

"படம் வெளியே போயிருக்கு. முதலாளி, படம் படுத்ததுக்கே காரணம் இதுதான்னு நினைக்கிறாரு. யாருக்குக் கொடுத்தீங்கன்னு சொல்லிட்டா உங்களோட பிரச்சினை முடிஞ்சுது. அந்த ஆள் மேல போலீஸ்ல கொடுப்போம். சொல்லலேன்னா, உங்க சங்கத்துல எழுத்துப்பூர்வமா புகார். அப்புறம் உங்க கார்டு இருக்குமான்னு நான் சொல்ல முடியாது."

அப்பா, "நான் யாருக்கும் கொடுக்கலை" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்து அவர் தொகுக்க இருந்த படத்திலிருந்து இன்று காலையே அவரை நீக்கிவிட்டார்கள். போனில் ஒரே ஒரு வரி.

நான் போட்ட ஒரு எண் அண்ணா. வெறும் ஒரு எண். அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்து உனக்குப் புரிகிறதோ என்னவோ. நான் சொல்லிவிடட்டுமா?

எலி

*

ஆகஸ்ட் 26

அன்பு எலிக்கு,

எழுத்து புரிந்தது. இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நான் நலம். முழங்கால் சரி.

சொல்லாதே.

தியேட்டருக்குப் போகாமல் எழுதியதற்கு உன்னைத் திட்ட வேண்டும். ஆனால் எழுது என்று சொன்னவன் நான். அதனால் திட்டில் பாதி எனக்கு. மிச்சப் பாதியை நேரில் தருகிறேன்.

இப்போது நீ சொன்னால் என்ன ஆகும்? அவர்கள் போலீஸ் என்கிறார்கள். உனக்குப் பதினாறு வயது, தேர்வு வருடம். அப்பா உன்னைக் காப்பாற்றப் பார்ப்பாரா, தன் வேலையைப் பார்ப்பாரா? இரண்டும் போகும். எதையும் அழிக்காதே, எதையும் புதிதாக எழுதாதே. குழுவை மீசையும் 'டீச்சரம்மா'வும் பார்த்துக்கொள்ளட்டும். போனை அணைத்து வை. படி.

ஒன்று மட்டும் எனக்கு எழுது. அந்த நான்கு நிமிடத்தில் என்ன வருகிறது? முடிந்தவரை விவரமாக எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்,
அண்ணன்

*

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். அப்பா இளைத்துவிட்டார். இப்போது ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ வெட்டிக் கொடுக்கிறார். அம்மா, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முகத்துல ஒருத்தர்கூட சிரிக்கலயே, அதையும் வெட்டிடுங்க" என்று கிண்டல் செய்து பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை.

சும்மா தெரிந்துகொள்ள என்கிறாய். உனக்குச் சும்மா கேட்கும் பழக்கம் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன்.

படத்து அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள். மகன் வருவது அவளுக்குத் தெரியாது. தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறாள். ஜன்னல் கொக்கி ஒன்று கழன்றிருக்கிறது. அதை ஒரு கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிச் சரி செய்கிறாள். நடுவில் நின்று எதையோ கேட்பதுபோலத் திரும்புகிறாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டுகிறாள். அவ்வளவுதான், பேச்சே இல்லை. பிறகு கதவு தட்டும் சத்தம்.

அப்பா இதைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறார். அம்மாவிடம், போனில் நண்பர்களிடம், ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம்கூட. "அந்த நாலு நிமிஷம் இருந்திருந்தா கதவு திறக்கும்போது ஜனம் எழுந்து நின்னிருக்கும். அதை வெட்டினதாலதான் எழுபதுல எல்லாரும் விட்டுட்டாங்க." சிலிண்டர்காரர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். அந்த நான்கு நிமிடம் இருந்த படத்தைப் பார்த்தவள் நான்தானே. கொக்கி தட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கதவில் நான் விட்டுவிட்டேன். இதை அவரிடம் சொல்லக்கூடியவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். நான்தான் சொல்ல முடியாது.

நீ சொல்லாதே என்கிறாய். எனக்கு அது சரியென்று படவில்லை. யார் மனம் நோகும் என்று பார்க்கக்கூடாது என்று எழுதியது யார்?

எலி

*

அக்டோபர் 1

அன்புள்ள அண்ணா,

ஒரு மாதம் ஆகப்போகிறது. ஜெராக்ஸ் அக்கா என்னைப் பார்த்ததும் கையை விரிக்கிறார். நேற்று, "விட்டுத் தொலை பாப்பா, அவன் உனக்கு வேணாம்" என்றார். நீ வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் மட்டும் ஒழுங்காக வருகின்றன. 'நலம், பசிக்கிறது, குழாய் கனமாக இருக்கிறது.' எனக்கு மட்டும் ஏன் எழுதவில்லை? கோபமா? உடம்புக்கு ஏதாவதா?

சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். நவம்பர் 9 விசாரணை. அப்பா எழுதிக்கொண்டு போக வேண்டும். யார் என்று ஒரு பெயர், அல்லது தெரியாது என்று ஒரு வரி. தெரியாது என்றால் சங்க உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொள்வார்கள் என்று அம்மா போனில் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ அணைக்கச் சொன்ன போனை ஒருமுறை திறந்தேன். குழு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் படத்துக்கு அழுதவர்களும் கொட்டாவி விட்டவர்களும் இன்னும் சண்டை போடுகிறார்கள். "டார்ச் எங்கே ஓடினான்?" என்று தனியாக ஒரு விவாதத் திரி. அதில், டார்ச் யார் என்று கண்டுபிடிப்போம் என்று கிளம்பியிருக்கிறார்கள். ஒருவர், "பயலுக்கு நாப்பது வயசு, கல்யாணம் ஆகலை, அதான் இவ்வளவு கசப்பு" என்று எழுதியிருந்தார். சிரிப்பு வரவேண்டும். போனை அணைத்து மழைக்கோட்டுக்குள் திணித்துவிட்டேன்.

அப்பா இப்போது வித்தியாசமாக இருக்கிறார். முன்பு தன் அறையைச் சாத்திக்கொள்வார், இப்போது திறந்தே வைக்கிறார். நான் தண்ணீர் குடிக்கப் போனால் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். ஏதோ கேட்கப்போவதுபோல வாய் திறக்கிறது. பிறகு, "படிச்சியா?" என்கிறார். "படிச்சேன்பா." "சரி."

ஒரு வரி போதும். எழுது.

எலி

*

அக்டோபர் 9

எலி,

நலம். தீப்பயிற்சி நடக்கிறது, நேரம் இல்லை. கோபம் ஒன்றும் இல்லை.

எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நவம்பர் 9 பற்றி நீ யோசிக்க வேண்டாம். வேதியியல் படி.

அண்ணன்

*

அக்டோபர் 20

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலம் என்றுதான் எழுதுவாய், உண்மையோ பொய்யோ.

அம்மா துணியை இயந்திரத்தில் போடும் முன் பைகளைத் துழாவச் சொல்வார் அல்லவா. அப்பாவின் நீலச் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. உங்கள் பயிற்சிப் பள்ளியின் கோடு போட்ட பழுப்புத் தாள். செப்டம்பர் 12 என்று தேதி. நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழியும் அளவுக்குப் படித்திருக்கிறார். நானும் படித்தேன்.

'அப்பா, கடைசி வரிசையை ஆரம்பித்தது நான்தான். இப்போது அதை நடத்துவது என் நண்பன் ஒருவன். உங்கள் மேசையிலிருந்து படத்தை எடுத்து அவனிடம் கொடுத்தது நான். கிளம்பும் அவசரத்தில் புத்தி கெட்டுச் செய்துவிட்டேன். என் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். நானும் படத்தைப் பார்த்தேன். அம்மா கொக்கியைத் தட்டும் காட்சி என்னை உலுக்கிவிட்டது. அது இருந்தால் கதவு திறக்கும் இடத்தில் யாரும் விடமாட்டார்கள். நீங்கள் சொன்னதுதான் சரி.'

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய், இல்லையா?

உன் பெயரை எழுதினால் போலீஸ். போலீஸ் என்றால் உனக்கு நன்னடத்தைச் சான்று கிடையாது. சான்று இல்லை என்றால் ஐந்து மாதம் உரிந்த தோலெல்லாம் வீண். இது உனக்குத் தெரியாதா? எனக்கே தெரிகிறது.

அதைவிட எனக்கு ஆத்திரம் வருவது கடைசி வரிகளுக்குத்தான். ஏமாந்தால் ஏமாந்தேன் என்று சொல்லத்தான் குழு என்றாய். அப்பாவுக்கு மட்டும் மிட்டாய் கொடுத்திருக்கிறாய். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

நவம்பர் 9க்குள் நான் சொல்லப்போகிறேன். உன்னைக் கேட்கவில்லை, உனக்குத் தெரிவிக்கிறேன். எழுதும்போதே பயமாக இருக்கிறது. ஆனால் வாக்கியம் நீளமாகவில்லை, பார்த்தாயா.

எலி

*

அக்டோபர் 29

என் அன்புத் தங்கைக்கு,

நலம் இல்லை. ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. இது உண்மை.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லாதே. நான் அப்பாவுக்கு எழுதி ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. அவரிடமிருந்து அது பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டுக் கடிதத்தின் கீழே எப்போதும்போல 'நன்றாகச் சாப்பிடு' என்று மட்டும் எழுதுகிறார். என்னை எழுதிக் கொடுக்கப் போகிறாரா, இல்லையா? தெரியவில்லை. எரியும் கூடத்துக்குள் முகமூடி போட்டுக்கொண்டு போவது இதைவிடச் சுலபமாக இருக்கிறது.

கடைசி வரிகளைப் பற்றிச் சொன்னாய். என் பேச்சைக் கேட்டு நீ எழுதிய ஒரு எண்ணால் அப்பா கல்யாண வீடியோ வெட்டுகிறார். அவருக்கு ஒரே ஒரு ரசிகனாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அது தப்பா? இருக்கலாம். நேரில் சண்டை போடு, வாங்கிக்கொள்கிறேன்.

நீ சின்னப் பெண். இதில் வராதே.

அண்ணன்

*

நவம்பர் 8

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம், அப்பா நலம், நானும் நலம். இந்த முறை நம்பு. இதைச் சாப்பாட்டு மேசையில், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். பதிலை வீட்டுக்கே போடலாம். ஜெராக்ஸ் அக்காவிடம் சொல்லிவிட்டேன்; உன்னை நான் விட்டுவிட்டதாக நினைத்து எனக்கு ஒரு பேனா கொடுத்தார்.

நேற்று மாலை சொன்னேன். அப்பா அறையில் யாரோ ஒரு மாப்பிள்ளை மாலையோடு திரையில் உறைந்து நின்றுகொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன். "அப்பா, டார்ச் நான்தான். காய்ச்சல் அன்னிக்கு உங்க மேசையில பார்த்தேன். யாருக்கும் கொடுக்கலை. அண்ணன் எழுதினது பொய்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். படத்து மகனைப் போலவே.

அப்பா திரும்பவில்லை. அறைகூட விழலாம் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். கடைசியில் நாற்காலியைத் திருப்பினார். முகத்தில் கோபம் இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் முகம்.

"அந்த நாலு நிமிஷம் இருந்தும் விட்டுட்டியா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் மறுபடி கேட்டார். "கொக்கி தட்டுறதைப் பார்த்தியா? அதுக்கு அப்புறமும் கதவுல விட்டுட்டியா? நெஜமா சொல்லு பாப்பா. ரெண்டு மாசமா இதைக் கேக்கணும்னு இருக்கேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம் அண்ணா. நாக்கு நுனிவரை வந்தது. அவர் கை சட்டைப் பையின் மேல் இருந்தது, உன் கடிதத்தின் மேல்.

"ஆமாம்பா. விட்டுட்டேன்."

அவர் தலையாட்டினார். ஏதோ ஒன்றை இறக்கி வைப்பதுபோல மெதுவாக ஆட்டினார். பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உங்கண்ணன் நல்லா இருந்துதுன்னு எழுதியிருக்கான்."

"அவன் பார்க்கவே இல்லப்பா."

"தெரியும்."

எப்படி என்று கேட்டேன். "அவனுக்கு நான் எழுதிக்கறேன். நீ இங்க வா" என்று பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மாப்பிள்ளையை மூடிவிட்டுப் படத்தைத் திறந்தார். கொக்கி, துண்டு, கதவு. மகன் வாயைத் திறந்ததும் நிறுத்தினார்.

"இங்கயா?"

"ஆமா. அவன் பேச ஆரம்பிச்சதும்."

பிறகு அவன் குரலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். அம்மா கையில் இன்னும் அந்தக் கரண்டி. அவன் வாய் அசைகிறது, சத்தமில்லை. வெளியே எங்கேயோ ஒரு பேருந்து போகிறது. அம்மா அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

"இப்ப?"

"இப்ப விடலப்பா" என்றேன்.

"நான் நாலு நிமிஷத்துக்குச் சண்டை போட்டேன்" என்றார். "சண்டை போட வேண்டியது இதுக்கு." பிறகு அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அம்மா போனை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, என் தலையில் ஒரு குட்டு, உனக்கும் சேர்த்து இன்னொரு குட்டு வைத்தார்.

நாளைக் காலை பத்து மணிக்குச் சங்கம். அப்பா எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். 'படம் என் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. வீட்டுக்குள் ஒருவர் பார்த்தார். மேசையைப் பூட்டாதது என் தவறு.' பெயர் இல்லை. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் டார்ச், என் எண்ணுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதித் தந்தார். காரணம் என்ற இடத்தில் 'வேலை' என்று போட்டிருக்கிறார்.

அட்டையை வாங்கிக்கொள்வார்களா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அம்மாவிடம் போனைக் கேட்டு வாங்கிக் குழுவில் ஒன்று எழுதினேன்: "டார்ச்சாகிய நான் தியேட்டரில் பார்க்காமல் எழுதினேன். முதல் விதியையும் மூன்றாவது விதியையும் மீறினேன். இனி மீசையும் டீச்சரம்மாவும் நடத்துவார்கள்." இரண்டே நிமிடத்தில் மீசை, "மரியாதை கூடினப்பவே நினைச்சேன்" என்று பதில் போட்டார்.

நீயும் ஒரு படத்தைப் பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். முதல் விதி உனக்கும்தான். விடுமுறையில் வந்து முழுவதும் பார்த்துவிட்டு, உன் நிமிடத்தை அப்பாவிடம் நேரில் சொல்.

கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார் அப்பா.

உன்,
எலி

தம்பி,
கொக்கி தட்டும் காட்சியைப் படம்பிடித்தது ஜூன் 11. நீ பயிற்சிக்குக் கிளம்பியது மே 20. உன் கடிதம் கிடைத்த அன்றே தெரியும். யாருக்காக எழுதினாய் என்பதும் தெரியும். அதனால்தான் கிழிக்கவில்லை.
நன்றாகச் சாப்பிடு.
அப்பா